எங்கள் ஜில்லாவுக்குக் கடல் வந்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம் என்று சோபாவில் சாய்ந்தேன். எட்டாவது படிக்கும் மகன் லேப்டாப்போடு வந்து நின்றான். பள்ளியில் ப்ராஜக்ட். தான் வசிக்கும் கவுண்ட்டியைப் பற்றி ஒரு பக்கம், அப்பாவோ அம்மாவோ பிறந்த கவுண்ட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். நில அமைப்பு, மக்கள் தொகை, பொதுச் சேவைகள் என்று மூன்று தலைப்பு.

"அப்பா, உங்க கவுண்ட்டில பீச் இருக்கா?"

"இல்லடா கண்ணா. மலை இருக்கு, மாந்தோப்பு இருக்கு, ஏரி இருக்கு. கடல் மட்டும் கிடையாது."

"நீங்க திருப்பதிலதானே காலேஜ் படிச்சீங்க? திருப்பதி டிஸ்ட்ரிக்ட்னு போட்டா கடல் காட்டுதே?"

எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். வரைபடத்தில் வங்காள விரிகுடா வரைக்கும் கோடு போயிருந்தது. நான் பிறந்து, வளர்ந்து, பி.காம். முடித்து, அங்கேயே ஒரு வங்கியில் சில வருடம் கவுண்ட்டரில் உட்கார்ந்து பணம் எண்ணிய காலம் வரை எங்கள் ஜில்லாவுக்கு ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் கிடையாது. நான் இங்கே நியூஜெர்சிக்கு வந்த பிறகு எனக்குச் சொல்லாமல் கடலைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்!

அன்றைய தூக்கம் போனது போனதுதான். பையனுக்குச் சொன்னதை எல்லாம் இங்கேயும் எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதே கேள்வியோடு வந்து நிற்கலாம்.

முதலில் இந்த ஊர்க் கணக்கு

நாங்கள் இருப்பது மான்மத் கவுண்ட்டி, அட்லாண்டிக் கடலோரம். 1683-ல் அமைந்தது. தலைநகரம் ஃப்ரீஹோல்ட். உள்ளே 53 நகராட்சிகள். 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 6,43,615. சாலை, பூங்கா, நூலகம், சுகாதாரம், ஷெரிஃப் அலுவலகம் எல்லாம் கவுண்ட்டி பார்த்துக்கொள்கிறது. இதை நடத்தும் கமிஷனர்களை இங்கே வசிப்பவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தக் கவுண்ட்டியும் உடையாமல் இருந்ததில்லை. 1850-ல் தெற்குப் பக்கத்தைப் பிரித்து ஓஷன் கவுண்ட்டி என்று தனியாக்கினார்கள். கடலோரத்தில் பெரும் பகுதி அதோடு போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு 170 வருடத்துக்கு மேலாகப் பெரிய மாற்றம் இல்லை. இங்கே ஒருவர் பிறந்த கவுண்ட்டியின் பெயரை எழுதினால் அது அவருடைய பேரன் காலத்திலும் செல்லும்.

இப்போது நம் பக்கம். சித்தூர் மாவட்டம், 2011 கணக்கெடுப்பு: 41,74,064 பேர். பரப்பளவு சுமார் 15,150 சதுர கிலோமீட்டர். அதாவது நியூஜெர்சி மாநிலத்தின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, மக்கள் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு ஜில்லா! மான்மத் மாதிரி ஆறரை கவுண்ட்டி ஜனம். அத்தனை பேருக்கும் மேலே ஒரு கலெக்டர். அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல, நியமிக்கப்பட்டவர். பதவியின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது, பாருங்கள். கலெக்டர் என்றால் வசூலிப்பவர். கும்பினி காலத்தில் ஜில்லா என்பதே வசூலுக்காகப் பிறந்ததுதான்.

முதல் கோடு: வசூலுக்கு

1911-க்கு முன்னால் சித்தூர் ஜில்லா என்று ஒன்று கிடையாது. ஆனால் சித்தூர் ஒரு பெரிய ஜில்லாவின் தலைநகரமாக இருந்தது. வட ஆர்க்காடு ஜில்லாவின் கலெக்டர் வேலூரிலோ ஆர்க்காட்டிலோ உட்காரவில்லை, சித்தூரில்தான் உட்கார்ந்தார். இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஜனங்கள் பலருக்கு அன்று ஜில்லாத் தலைநகரம் சித்தூர் என்றால் இப்போது நம்பமாட்டார்கள்.

அந்தக் கலெக்டருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1801-ல் கர்நாடக நவாபின் சீமை கும்பினியார் கைக்கு வந்தபோது திருமலைக் கோயிலின் வரவு செலவும் அவர்களிடம் வந்தது. ஏழுமலையான் உண்டியல் கணக்கைக் கும்பினி அதிகாரிகள் பார்த்தார்கள். 1821-ல் புரூஸ் என்பவர் பெயரால் ஒரு விதித் தொகுப்பே போட்டுக் கோயிலை நடத்தினார்கள். 1843-ல்தான் கும்பினி விலகி, ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. பிறகு 1932-ல் சென்னைச் சட்டசபை இயற்றிய சட்டத்தால் தேவஸ்தானம் உண்டாகி 1933-ல் பொறுப்பேற்றது. வங்கியில் வேலை பார்ப்பவன் கண்ணுக்கு இது ஒரு நெடுங்கணக்கு. கணக்குப்பிள்ளை மாறிக்கொண்டே இருந்தார். கணக்கு மட்டும் ஒரு நாளும் மூடப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பெரிய ஜில்லாக்களை உடைத்துப் புதியவை அமைத்தார்கள். 1904-ல் குண்டூர், 1910-ல் ராமநாதபுரம், 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர். வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமநேர், திருப்பதிப் பக்கம், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு, கூடவே காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் ஜமீன்கள் என்று ஒட்டுப் போட்டுத் தைத்த ஜில்லா. திருத்தணியும் அதில் சேர்ந்தது. வட ஆர்க்காட்டின் தலைநகரம் வேலூருக்குப் போனது.

தேதியைக் கவனித்தீர்களா? ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம் என்று பையன் சிரித்தான். எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு அது புதுக் கணக்குத் தொடங்கும் நாள். பழைய லெட்ஜரை மூடிவிட்டுப் புது லெட்ஜரில் முதல் வரி எழுதும் நாள்.

இரண்டாம் கோடு: பாஷைக்கு

என் ஆயா (நைனாவைப் பெற்றவள், எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம்) திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அப்போது பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஜில்லா, ஒரே மாகாணம். தலைநகரம் மெட்ராஸ், சுமார் 150 கிலோமீட்டர்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் ஜில்லா முழுவதும், திருத்தணியையும் சேர்த்து, ஆந்திராவுக்குப் போனது. தலைநகரம் கர்நூல். 1956 நவம்பர் 1 முதல் ஹைதராபாத், எங்கள் ஊரிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மேல்முறையீடு என்றால் கட்டுச் சோற்றோடு போக வேண்டிய தூரம்.

அந்த வருடங்களில் நடந்த எல்லைப் போராட்டம் உங்களில் பலர் கேள்விப்பட்டதுதான். ஆந்திரத் தலைவர்கள் சென்னை நகரத்தைக் கேட்டார்கள். ம.பொ.சிவஞானம் தமிழரசுக் கழகத்தின் சார்பில் திருப்பதி வரை வேண்டும் என்று கேட்டார். திருத்தணிப் பக்கத்தில் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்து அந்த இயக்கத்துக்கு அடித்தளம் போட்டார். பிறகு எச்.வி.படாஸ்கர் என்பவரை மத்தியஸ்தராக நியமித்தார்கள். கிராமத்தை அலகாக எடுத்துக்கொள்வது, ஊர்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், எந்த மொழி பேசுபவர் அதிகம் என்று பார்ப்பது. இதுதான் அவர் கையாண்ட முறை. பிற்காலத்தில் மற்ற மாநில எல்லைத் தகராறுகளிலும் இந்த முறையைச் சுட்டிக்காட்டி வாதாடினார்கள்.

முடிவு: 1960 ஏப்ரல் 1 அன்று (மறுபடியும் ஏப்ரல் 1!) திருத்தணித் தாலுகாவின் 300-க்கும் மேற்பட்ட கிராமங்கள் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு ஜில்லாவில் சேர்ந்தன. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சுமார் 150 கிராமங்கள் சத்தியவேடு பக்கமாக ஆந்திராவுக்குப் போயின. முருகன் கோயில் இந்தப் பக்கம் வந்தது. திருப்பதி அந்தப் பக்கமே நின்றது.

ஆயா இதை ஒரே வரியில் சொல்லி முடிப்பாள்.

"என்னெ ஒரே ஜில்லாவுலதாண்டா கட்டிக் குடுத்தாங்க. அப்பால கவர்மெண்டுக்காரன் என் பொறந்த வூட்ட எட்த்துனு பூட்டான்."

அவளுடைய அண்ணன் குடும்பம் கிராமத்திலேயே இருந்தது. அவர்கள் யாரும் ஒரு அடி நகரவில்லை. ஆனால் அந்தத் தாத்தா வட ஆர்க்காடு ஜில்லாவில் பிறந்து, சித்தூர் ஜில்லாவில் வளர்ந்து, ஆந்திராக்காரராகி, செங்கல்பட்டு ஜில்லாக்காரராகி, 1969-ல் மாநிலத்தின் பெயர் மாறியபோது தமிழ்நாட்டுக்காரரானார். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது அவர் இல்லை. வீடு இருந்தது. ஒரே வாசல், ஒரே வேப்பமரம்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க ஆயா வருடம் தவறாமல் திருத்தணி போவாள். நகரி வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து வேறு பஸ். பஸ்ஸின் நிறம் மாறும், டிக்கெட்டில் எழுத்து மாறும். "இங்க தெலுகு முட்ஞ்சிச்சி" என்று அவள் கை காட்டும் இடத்தில் நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். வயலின் இந்தப் பக்கம் மாமரம், அந்தப் பக்கமும் மாமரம். இரண்டு பக்கத்திலும் தமிழும் தெலுங்கும் பேசும் ஜனம்.

இந்தக் கைமாற்றத்தை ஒரு கணக்குப் பதிவாக எழுதிப் பார்க்கலாம். வரவு: திருத்தணி. பற்று: சத்தியவேடு. அன்றைக்குத் தமிழ்நாட்டில் பலர் இதை நல்ல வரவாகத்தான் நினைத்தார்கள். ஆனால் கணக்கில் வட்டி ஏறுவது பின்னால்தான் தெரியும். 2008 வாக்கில் சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதியில் ஸ்ரீசிட்டி என்ற பெரிய தொழில் நகரம் தொடங்கினார்கள். சென்னையிலிருந்து 55 கிலோமீட்டர். உலகக் கம்பெனிகள் பல அங்கே வந்தன. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கோட்டைத் தாண்டி அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 1960-ல் மொழியைப் பார்த்துக் கோடு போட்டவர்கள் துறைமுகத்துக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீருக்குப் பட்டா கிடையாது

பையனின் முதல் தலைப்பு நில அமைப்பு. பழைய சித்தூர் ஜில்லா ஒரு படிக்கட்டு மாதிரி. மேற்கே மதனப்பள்ளி, புங்கனூர், பலமநேர், குப்பம் எல்லாம் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு. காற்று குளிர்ச்சி, தக்காளி விளையும். மொகிலிக் கணவாய் இறங்கினால் சித்தூர்ச் சமவெளி. மாம்பழம், கரும்பு, வெல்லம். வடக்கே சேஷாசலம் மலைத்தொடர், செம்மரம், திருமலை. கிழக்கே காளஹஸ்தி, சத்தியவேடு என்று தாழ்ந்துகொண்டே போகும்.

படிக்கட்டில் ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? கீழே. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவில் குப்பம் வழியாக 33 கிலோமீட்டர் மட்டும் ஓடி, வாணியம்பாடிக்கு வருகிறது. அந்த 33 கிலோமீட்டருக்குத்தான் தடுப்பணை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சித்தூர்ப் பக்கத்துத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு பொன்னையாறு பாலாற்றில் கலக்கிறது. நகரிப் பக்கத்துத் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றின் வழியாகப் பூண்டி ஏரிக்குப் போகிறது. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணி ஆற்றில் வெள்ளம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களுக்கு எச்சரிக்கை. திருப்பதி, காளஹஸ்தி வழியாக ஓடும் பொன்முகலி (தெலுங்கில் சுவர்ணமுகி) மட்டும் நேராகக் கடலுக்குப் போகிறது.

தெலுங்கு கங்கையும் இந்த வழிதான். கிருஷ்ணா நதியில் பங்குள்ள மூன்று மாநிலங்களும் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க 1976-ல் ஒப்புக்கொண்டு, 1983-ல் ஆந்திராவும் தமிழ்நாடும் கையெழுத்துப் போட்டு, 1996-ல் தண்ணீர் சென்னைக்கு வந்தது. கண்டலேறு அணையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கால்வாய். காளஹஸ்தி, சத்தியவேடு வட்டாரங்களைக் கடந்து ஊத்துக்கோட்டை அருகே எல்லை தாண்டுகிறது. சென்னையில் உங்கள் தங்கையோ மாமியாரோ குழாயைத் திறக்கும்போது வருவதில் எங்கள் ஊர் வழியாக வந்ததும் உண்டு.

யானைகளையும் சொல்ல வேண்டும். 1980-களில் தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்து ஒரு கூட்டம் குப்பம், பலமநேர்ப் பக்கம் வந்து தங்கிவிட்டது. அவற்றுக்காகவே கௌண்டின்யா சரணாலயம் அமைத்தார்கள். அவை யாரிடமும் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை :-)

எத்தனை பேர், எந்தப் பாஷை

இரண்டாவது தலைப்பு மக்கள் தொகை. 2001-ல் 37,45,875, பத்து வருடத்தில் 41,74,064. தெலுங்கு பெரும்பான்மை. உருது, தமிழ் இரண்டும் கணிசம். மேற்கு விளிம்பில் கன்னடமும் கேட்கும். சித்தூர்க் கடைத்தெருவில் ஒரு வியாபாரி ஒரே பேரத்தில் மூன்று பாஷை பேசுவார். விலை மட்டும் மூன்றிலும் ஒன்றுதான்.

என் சித்தப்பா காலத்தில் எங்கள் தெருவோரப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு இருந்தது. என் காலத்தில் இல்லை. யாரும் மூடு விழா நடத்தவில்லை. ஒரு வாத்தியார் ஓய்வு பெற்றார், வேறு ஆள் வரவில்லை, புத்தகம் நேரத்துக்கு வரவில்லை, பிள்ளைகள் குறைந்தார்கள், பிள்ளைகள் குறைந்ததால் பிரிவு போயிற்று. பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. அரசாங்க வேலைக்குத் தெலுங்கு வேண்டும், மற்றதுக்கு இங்கிலீஷ் வேண்டும். நான் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படித்தேன். தமிழ் எழுத்து, ஆயாவுக்காக வேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பேப்பரை உரக்கப் படித்துக் கற்றது. அவளுக்குக் கண் மங்கியிருக்காவிட்டால் நான் இன்று இதைத் தமிழில் எழுதியிருக்க முடியாது. 1997-ல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். தென்னிந்திய மொழிகளை ஒரே கூரையின் கீழ் ஆராயும் நல்ல முயற்சி. ஆனால் கூரை மேலே வேயப்பட்ட அதே காலத்தில் கீழே ஆரம்பப் பள்ளி என்ற கடைக்கால் கரைந்துகொண்டிருந்தது என்பது என் ஆதங்கம்.

உடம்புக்கு வந்தால் எந்தப் பக்கம்

மூன்றாவது தலைப்பு பொதுச் சேவைகள். இதில்தான் ஜில்லாக் கோட்டின் நிஜ மதிப்பு தெரியும்.

திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை, தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ், எலும்பு மூட்டுக்கான பர்ட், 1954-ல் தொடங்கிய வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், தேவஸ்தானப் பள்ளிகள், கல்லூரிகள். வேறு ஊரில் நகராட்சியும் அரசும் செய்வதில் பாதியை இங்கே கோயில் செய்கிறது. 1944-ல் முதல் மலைப்பாதை திறந்த பிறகு கூட்டம் ஏற ஏற, ஊரின் தண்ணீர், விடுதி, சாப்பாடு எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சுற்றியே வளர்ந்தன. அரசாங்கமும் இல்லாமல் கோயிலும் இல்லாமல் ஒரு சேவை உண்டென்றால் அது புத்தூர் கட்டு. புத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டும் குடும்பத்தார். மூலிகைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, துணி. தமிழ்நாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாகக் கை கால் உடைந்தவர்கள் வருவார்கள்.

ஆனால் சித்தூர் டவுனில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அறுபது எழுபது கிலோமீட்டர் தாண்டித் திருப்பதிக்குப் போவதா, முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டரில் வேலூருக்குப் போவதா? 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சி.எம்.சி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளிமாநில ஆஸ்பத்திரி அல்ல, பக்கத்து ஆஸ்பத்திரி. 2007-ல் ஆந்திர அரசு ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டைக் கொண்டுவந்தது. 2019-ல்தான் அதைச் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மருத்துவமனைகளுக்கும் விரித்தார்கள். ஜனங்களின் கால் எப்போதோ போய்விட்ட இடத்துக்குக் காகிதம் மெதுவாக வந்து சேர்ந்தது.

என் அம்மாவுக்கும் வேலூரில்தான் வைத்தியம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப், மருந்து. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. மருந்துச் சீட்டு ஒரு மாநிலம், அம்மா ஒரு மாநிலம், நான் உலகத்தின் மறுகோடி. அந்த மாதக் கடைசியில்தான் அந்தப் படம் வந்தது. வேலூர் மாவட்ட நிர்வாகம் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் சாலைகளில் சைனகுண்டா, பொன்னை ஆகிய இரண்டு சோதனைச் சாவடிகள் அருகே சாலைக்குக் குறுக்கே கல் வைத்துச் சுவர் எழுப்பியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் இடித்துவிட்டார்கள். நோய்க்குப் பயந்து செய்தது, புரிகிறது. ஆனால் நடு இரவில் இங்கே சமையலறையில் நின்று போனில் அந்தச் சுவரைப் பார்த்தபோது ஆயாவின் குரல்தான் காதில் கேட்டது. அவளுக்கு அவர்கள் பிறந்த வீட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்குப் பாதையை.

நைனாவின் நண்பர் ஒருவர் சித்தூரிலேயே நாலு கடை ஏறி இறங்கி அதே மருந்தை வாங்கிக் கொடுத்தார். அம்மா நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ஜில்லா என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது என் பி.காம். படிப்பில் இல்லை.

மூன்றாம் கோடு: ஓட்டுக்கு

இனி கடலுக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. நாடாளுமன்றத் தொகுதிகளை ஒட்டி மாவட்டங்களை அமைத்தார்கள். திருப்பதி மக்களவைத் தொகுதி பல வருடங்களாகவே நெல்லூர்ப் பக்கம் கூடூர், சூலூர்ப்பேட்டை, வெங்கடகிரி வரை நீண்டிருந்தது. அந்த ஊர்கள் தொகுதியோடு திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தன. அவற்றோடு கடலும் வந்தது! மதனப்பள்ளிப் பக்கம் அன்னமய்யா மாவட்டத்தில் சேர்ந்தது. மிச்சம் சித்தூர். அமைத்தபோது திருப்பதி மாவட்டத்தில் சுமார் 22 லட்சம் பேர், சித்தூரில் சுமார் 18.7 லட்சம் பேர். அதற்குப் பிறகும் மறுசீரமைப்புப் பேச்சு ஓயவில்லை.

வந்தது வெறும் மணல் அல்ல. பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பங்கு, குளிர்காலத்தில் பூநாரைகள், நேலப்பட்டுப் பறவைகள். 1971-ல் முதல் ராக்கெட்டை ஏவிய ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியது திருப்பதி மாவட்டத்திலிருந்துதான்.

இன்னொன்று. அந்தக் கரையில் துர்கராஜபட்டினம் என்று ஒரு ஊர். ஆங்கிலேயர் ஆர்மகான் என்று எழுதினார்கள். 1620-களில் கும்பினியின் பண்டகசாலை அங்கே இருந்தது. அங்கிருந்து பிரான்சிஸ் டே வேறு நல்ல இடம் தேடித் தெற்கே வந்து, 1639 ஆகஸ்டில் தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கரிடம் மதராசப்பட்டினத்துக்கு அனுமதி வாங்கினார். அந்த நாயக்கருக்கு மேலே சந்திரகிரியில் விஜயநகர வம்சத்து அரசர். ஆக, சென்னைப் பட்டணம் பிறக்கக் காரணமான பண்டகசாலையும் சந்திரகிரிக் கோட்டையும் 2022-ல் ஒரே மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. 1953-ல் சென்னை யாருக்கு என்று சண்டை போட்டபோது இதை யாராவது நினைத்திருப்பார்களா?

சரி, ப்ராஜக்ட்

1911-ல் வசூலுக்குக் கோடு. 1960-ல் பாஷைக்குக் கோடு. 2022-ல் ஓட்டுக்குக் கோடு. ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் மூன்றிலும் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, நெஞ்சு வலித்தால் எந்தப் பக்கம் ஓடுவார்கள், பெண் கொடுத்த வீடு எந்தப் பக்கம் என்பது முதல் கேள்வியாக இருக்கவில்லை. அந்தக் கணக்கை ஜனங்களே போட்டுக்கொள்கிறார்கள், பஸ் மாறி, பாஷை மாறி.

வங்கியில் கிளை இணைந்தால் கணக்கு எண் மாறும், பாஸ்புக் மாறும், இருப்பு மாறாது. மாறக் கூடாது. ஊரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லி வைத்தால் அது பாஸ்புக் அட்டை. ஆற்றின் பெயரையும், ஆயா பிறந்த கிராமத்தின் பெயரையும், எந்த பஸ்ஸில் போவோம் என்பதையும் சொன்னால்தான் இருப்பு.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்டான்.

"அப்போ நான் என்னதான்ப்பா எழுதறது? சித்தூரா, திருப்பதியா?"

"சித்தூர்னு எழுது. பக்கத்துலயே வருஷத்தையும் எழுது."

"வருஷம் எதுக்கு?"

"தேதி போடாத வவுச்சர் செல்லாதுடா."

அவன் எழுதினான். பிறகு அவனாகவே வரைபடத்தில் பொன்னையாற்றை நீலத்தில் வரைந்து, கோட்டைத் தாண்டி வேலூர் வரை இழுத்துக்கொண்டு போனான். நான் தடுக்கவில்லை.